பீரங்கியைச் சுமந்த மரம்: கேள்வி பதில்

கீழக்கரையில் தோணி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. ஓடாவிகள் எனும் படகுத் தச்சர்கள் வேலை செய்யும் கொட்டகையில் குங்கிலிய வாசத்தோடு வளர்ந்தவன் நான். மரப் போர்க்கப்பல்களைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

பாம்பன் மீனவர் ஒருவர்: ஐயா, எங்கள் வத்தைப் படகில் வலையைக் கொஞ்சம் உயரமாகக் குவித்தாலே ஆட்டம் காண்கிறது. அந்தக் காலக் கப்பல்கள் நூறு பீரங்கியை எப்படிச் சுமந்தன?

கடலறிந்தவர் கேட்கும் கேள்வி இது. போர்க்கப்பல் வடிவமைப்பின் வரலாறே இதற்குள் அடங்கிவிடும். பாரம் கீழே இருக்க வேண்டும், ஆனால் பீரங்கி தண்ணீருக்கு மேலே இருந்தாக வேண்டும். இந்த இழுபறியில்தான் முந்நூறு ஆண்டுகள் கழிந்தன.

16ஆம் நூற்றாண்டில் கப்பலின் பக்கவாட்டில் மூடியுள்ள துளைகளை வெட்டிப் பீரங்கிகளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் துளை தாழ்ந்தால் தண்ணீர் புகும். ஸ்வீடன் மன்னர் கட்டுவித்த வாசா இரண்டு தளங்களில் 64 பீரங்கிகளைச் சுமந்தது. மேல்பாரம் மிகுதி, அடியில் போட்ட கல்லோ போதவில்லை. இன்னும் கல் ஏற்றினால் கீழ்த்துளைகள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். புறப்படும் முன்பு முப்பது பேரைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல், ஒரு காற்றடிக்குச் சாய்ந்து மூழ்கியது. கட்டிய தச்சர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1765இல் நீரில் இறங்கிய பிரிட்டனின் விக்டரி 104 பீரங்கிகளைத் தாங்கியது. மிகக் கனமானவை அடித்தளத்தில், இலகுவானவை மேலே. பக்கப்பலகைகளும் மேலே போகப் போக உள்நோக்கிச் சாயும். அதனால் மேல்தளப் பீரங்கிகளின் பாரம் கப்பலின் நடுவை ஒட்டி விழுந்தது.

தொண்டி மாணவி: அவ்வளவு பெரிய கப்பலுக்கு நேரான நெடுமரங்களைத்தானே தேடியிருப்பார்கள்?

இல்லை மகளே, கோணல் மரம்தான் அரிது. ஏரா எனும் அடிமரத்துக்கும் பாய்மரத்துக்கும் நேரான மரம் வேண்டும். வங்குகள் எனும் விலா மரங்களுக்கு வளைந்தே வளர்ந்த மரம் வேண்டும். நேரான கட்டையை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டுப் போகும், அலையடியில் பிளக்கும். எங்கள் ஓடாவி கருவேலங்கிளையின் வளைவை விரலால் தடவிப் பார்த்தே, இது முன்பக்க அணியத்துக்கு, இது நடுவுக்கு என்று ஒதுக்கிவைப்பார். ஐரோப்பியத் தச்சர்களும் அப்படித்தான் காடுகளில் ஓக் மரங்களைத் தேடித் திரிந்தார்கள். விக்டரிக்கு மட்டும் ஏறத்தாழ 6,000 மரங்கள் விழுந்தன.

கீழக்கரை இளைஞர்: காக்கா (அண்ணா), நம் பக்கத்தில் போர்க்கப்பல் கட்டியதே இல்லையா? இராஜேந்திரன் காலத்துக் கப்பல்கள் எப்படி இருந்தன?

தம்பி, இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்கிறது. அந்தக் கலங்களைக் கட்டிய முறையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆகவே படம் வரைந்து காட்டுவோரை நம்பிவிடாதீர்கள்.

இந்தியப் பெருங்கடலின் பழைய கலங்கள் பலவும் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியவை. தைத்த கலம் அலையில் வளைந்துகொடுக்கும், கரையில் மோதினாலும் எளிதில் உடையாது. ஆனால் வரிசையாகக் கனத்த பீரங்கிகள் வெடிக்கும்போது பின்னுதைப்பைத் தாங்க விறைப்பான வங்குக்கூடு தேவை.

அந்த முறையில் இந்தியத் தச்சர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். பம்பாயில் பார்சி வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் பிரிட்டிஷ் கடற்படைக்கே கப்பல் கட்டினார்கள். ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணியைத் தின்றுவிடும், தேக்கின் எண்ணெய் ஆணியைக் காக்கும். அப்படி 1817இல் நீரில் இறங்கிய ஒரு கப்பலுக்கு இலங்கைத் துறைமுகமான திருகோணமலையின் பெயரை வைத்தார்கள். அதன் வரைபடங்களை ஏற்றிவந்த கப்பலை 1812இல் அமெரிக்கர்கள் தகர்த்துவிட்டதால், மறுபடி படி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.

மண்டபம் வாசகர்: மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கு என்ன செய்தார்கள்?

நாம் எண்ணெய் பூசினோம், அவர்கள் செம்புத் தகடு அடித்தார்கள். 1761இல் அலாரம் என்ற கப்பலில் முதன்முதலாகச் சோதித்தார்கள். புழு அண்டவில்லை, ஆனால் உப்புநீரில் செம்போடு உரசிய இரும்பு ஆணிகள் கரைந்துபோயின. தகட்டோடு வந்த பழுப்புத் தாளைக் கிழிக்காமல் விட்ட இடங்களில் மட்டும் ஆணி பிழைத்தது! பிறகு செம்புக் கலப்பு ஆணிகளுக்கு மாறினார்கள்.

வாசா 333 ஆண்டுகள் கழித்து முழு உருவோடு மேலே வந்ததற்கும் அந்தப் புழு இல்லாததே காரணம். பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் அந்தப் புழு வாழாது. பாக் நீரிணையில் மூழ்கியிருந்தால் மண்ணுக்கு வெளியே நின்ற பலகை ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தேவிபட்டினம் வாசகர்: மரக்கப்பல்களை ஏன் கைவிட்டார்கள்?

பீரங்கியில் வைத்துச் சுடும் வெடிகுண்டுதான் காரணம். 1853இல் சினோப் துறைமுகத்தில் ரஷ்யர்கள் அதை வீசித் துருக்கிய மரக்கப்பல்களை எரித்தார்கள். 1859இல் பிரான்ஸ் மர உடலுக்கு இரும்புக் கவசம் போட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டன் முழு இரும்பு உடலில் வாரியர் என்ற கப்பலை இறக்கியது.

கீழக்கரை இளைஞர் மீண்டும்: காக்கா, திருகோணமலை பெயர் கொண்ட அந்தக் கப்பல் இப்போது எங்கே?

இங்கிலாந்தில் ஹார்ட்லிபூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது, தம்பி. ஏறிப் பார்க்கலாம். போனால் அந்தத் தேக்கு வங்குகளை எனக்காக ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.