எந்தக் கால் என்று எழுதவில்லையே, தம்பி

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஐந்து கிலோமீட்டர் தள்ளி என் மனைவியின் ஊர். இரண்டு ஊருக்கும் கபடியில் மூன்று தலைமுறைப் போட்டி. இந்த வருடம் காணும் பொங்கல் அன்று எங்கள் மைதானத்தில் நடந்த அரையிறுதியில் அவர்களை 32-31 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தோம். அந்த அணிக்கு ரெய்டு போவது என் மச்சினன். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் பையன்கள் மடக்கியதில் அவனுக்கு முட்டியில் அடிபட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால் ஆட்டம் பத்து நிமிடம் நின்றது. இறுதிப் போட்டியில் வேறொரு ஊரிடம் தோற்றோம், அது போகட்டும். என் பிரச்சினை இதுதான். என் மனைவி எங்கள் ஊர்ப் பெண்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அவள் தம்பி புள்ளி எடுக்கும்போதெல்லாம் எழுந்து கைதட்டினாள். நான் விழாக் குழுவில் இருப்பவன். "உன் வீட்டுக்குள்ளேயே எதிரணியா?" என்று டீக்கடையில் இன்னமும் கேட்கிறார்கள். அன்று இரவு அவளைச் சத்தம் போட்டேன். அதிலிருந்து சாப்பாடு போடுவதோடு சரி, பேச்சில்லை. வைகாசியில் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமனை நானே போய் அழைத்தால் இறங்கிப்போனதாக ஆகும், அழைக்காவிட்டால் ஊர் பேசும். நான் புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் ஆட்டம் ஒன்றுகூட விடாமல் பார்ப்பவன், கபடி என் உயிர். வாழ்க்கைப்பட்ட ஊர்தான் தன் ஊர் என்று இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 32-31 என்று ஸ்கோர் எழுதியிருக்கிறீர்கள். கடைசி ஐந்து நிமிடம் என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆட்டம் எவ்வளவு நேரம் நின்றது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனுக்கு அடிபட்டது இடது முட்டியா வலது முட்டியா என்று மட்டும் எழுதவில்லை.

உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்தப் பத்து நிமிடம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? இறுதிப் போட்டியில் தோற்ற கதையையும் சொல்கிறீர்கள். அப்படியானால் ராத்திரி கோப்பை கொடுக்கிறவரைக்கும் மைதானத்தில்தான் இருந்திருக்கிறீர்கள். உங்கள் மனைவியின் கூடப்பிறந்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள், நீங்கள் விளக்குக்குக் கீழே நாற்காலி போட்டு அடுத்த ஆட்டம் பார்த்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய், தம்பிக்கு என்ன ஆயிற்றோ என்று விழித்திருந்த ஒரு பெண்ணைக் கைதட்டியதற்காகச் சத்தம் போட்டிருக்கிறீர்கள். அவள் பேசாமல் இருப்பதற்குக் காரணம் கைதட்டலில் இருக்கிறது என்றா நம்புகிறீர்கள்?

"விளையாட்டுதானே, விட்டுத்தள்ளுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. நானும் டெல்டாக்காரிதான். சம்பா அறுப்பு நெருங்கும் நேரத்தில் ஒரு ஊர்ப் பையன்கள் ராத்திரி ராத்திரியாக விளக்குப் போட்டுப் பழகுவதும், பனியன் தைக்க வீடு வீடாக வசூல் போவதும், ஒரு புள்ளியில் தோற்றுவிட்டு வருடம் பூராவும் அதையே பேசுவதும் எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்து வடுவூரைக் கேட்டுப் பாருங்கள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கி வந்த அபினேஷ் அந்த ஊர்ப் பையன். இந்த மாதிரி ஊர்களில் விடாமல் போட்டி நடப்பதால்தான் அப்படிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஊர்ப்பாசம் வேண்டும், நன்றாகக் கத்துங்கள், விசில் அடியுங்கள். அடுத்த வருடமும் அவர்களைத் தோற்கடியுங்கள்.

ஆனால் அந்த ஊர்ப்பாசத்தை உங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்களா? உங்கள் மனைவி பிறந்ததிலிருந்து தன் ஊர் மைதானத்து மண்ணில் வளர்ந்தவள். தாலி கட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்ததும் அதெல்லாம் மறந்துபோக வேண்டுமா? தர்மராஜ் சேரலாதனை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து புரோ கபடிக் கோப்பை வாங்கினார். தமிழ் தலைவாஸ் என்று ஓர் அணி வந்ததே அதற்கு அடுத்த வருடம்தான். அன்றைக்கு பாட்னாவுக்குக் கைதட்டிய தஞ்சாவூர்க்காரனை யாராவது பீகாருக்குப் போய்விட்டான் என்றார்களா? நம் ஆள் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் நம் ஆள். உங்கள் மனைவிக்கு அவன் தம்பி. கைதட்டாமல் உட்கார்ந்திருந்தால்தான் அவளைப் பற்றி நான் கவலைப்பட்டிருப்பேன்.

தலைவாஸ் ஆட்டம் ஒன்றும் விடமாட்டேன் என்கிறீர்கள். அப்படியானால் 2022 அக்டோபர் நன்றாக நினைவிருக்கும். தலைவாஸ் ஏலத்தில் 2.26 கோடிக்கு எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முட்டி திரும்பிக் கீழே விழுந்தார், அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. நீங்கள் எத்தனை நாள் புலம்பினீர்கள்? டிசம்பரில் புனேயிடம் அரையிறுதியில் 37-39 என்று தோற்றபோது, "பவன் மட்டும் இருந்திருந்தால்" என்று உங்கள் டீக்கடையில் சொல்லாத ஆள் உண்டா? வடக்கே எங்கேயோ பிறந்தவரின் முட்டிக்காக அவ்வளவு தவித்த நீங்கள், உங்கள் மகள் "மாமா" என்று கூப்பிடுகிறவனின் முட்டியை ஆட்டம் நின்ற கணக்கில் எழுதுகிறீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். நீங்கள் விழாக் குழு. போட்டி நடத்துகிற ஊருக்கு முதல் கடமை ஆடவந்த பிள்ளைகளை முழுசாக வீட்டுக்கு அனுப்புவது. மைதானத்தில் வண்டி தயாராக நின்றதா? ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குழு பணம் கொடுத்ததா? மறுநாள் யாராவது போய்ப் பார்த்தீர்களா? மாப்பிள்ளையாகப் போக வெட்கமாக இருந்திருந்தால், குழுக்காரராகவாவது போயிருக்கலாமே.

என் அப்பா ஊரில் பெரிய கபடிப் பைத்தியம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, எதிரூர்ப் பையன் ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அப்பா தன் துண்டை முக்கோணமாக மடித்து, அவன் கையை நெஞ்சோடு சேர்த்துத் தொட்டில் மாதிரி கட்டி, முடிச்சைக் கழுத்துக்குப் பின்னால் போட்டார். அவன் வலியில் அப்பாவின் மணிக்கட்டைக் கடித்தான். அப்பா கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. வண்டி பூட்டி அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு விடிந்துதான் வந்தார். ஜெயித்தது யார் என்று வந்தபிறகு எங்களிடம்தான் கேட்டார். அந்தப் பையன் எங்களுக்கு உறவு கிடையாது.

இப்போது மஞ்சள் நீராட்டுக்கு வருகிறேன். அழைத்தால் இறக்கம், அழைக்காவிட்டால் ஊர் பேசும் என்று இரண்டு பக்கமும் உங்களையே நிறுத்திப் பார்க்கிறீர்கள். உங்கள் மகளை ஒரு பக்கம் நிறுத்திப் பாருங்கள். தாய்மாமன் சீர்த்தட்டோடு, மேளத்தோடு தெருமுனையிலிருந்து நடந்து வரவேண்டும். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவனால் நடக்க முடியுமா? முட்டிக்குள் தசைநார் அறுந்திருந்தால், ஆபரேஷன் செய்தாலும் மறுபடி ஆட ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து ஆடப்போனால் மூட்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வும் கிழியலாம். அடிபட்டது உளுந்து தெளிக்கிற நேரம். அவன் வயலில் தெளித்தது யார்? வயசான மாமனாரா? அதையாவது கேட்டீர்களா?

உங்கள் மனைவிக்கு எதையும் புரியவைக்க வேண்டாம். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, அதனால்தான் பேசவில்லை.

பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் மாமனார் வீட்டுக்குப் போங்கள். டீக்கடையைக் கடந்து, எல்லோரும் பார்க்க, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பகலில் போங்கள். "அன்றைக்கே வந்திருக்க வேண்டும், வரவில்லை, தப்பு என்னுடையது" என்று அந்தப் பையனிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் மூத்தவர், அவன் சின்னவன் என்றெல்லாம் பார்க்காதீர்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திண்ணையில் உட்காருங்கள். ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் தஞ்சாவூருக்கு நீங்களே அழைத்துப்போய், எலும்பு டாக்டரிடம் காட்டி, செலவை நீங்கள் கொடுங்கள். அதில் பாதியை விழாக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள், முணுமுணுத்தாலும் விடாதீர்கள். பத்திரிகையில் அவன் பெயரை எங்கே போடுவது என்று பிறகு உங்கள் மனைவியைக் கேளுங்கள். தேதியை ஆவணிக்குத் தள்ள வேண்டியிருந்தால் தள்ளுங்கள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வரட்டும்.

போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். ஸ்கோர் வேண்டாம். இடதா, வலதா என்று எழுதினால் போதும்.