கிறிஸ்தவப் புனைகதை எழுதுபவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? எப்படி எழுத வந்தார்கள்?

ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்தால் கதை தானாக வந்துவிடுமா, இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் இருந்துகொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீடு வெள்ளவத்தையில், வேலை பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுவது. ஞாயிறு பத்திரிகைகளுக்கும் சபைச் சஞ்சிகைகளுக்கும் பல வருடமாகச் சிறுகதை எழுதி வருகிறேன். கதை எழுதியே வீட்டு வாடகை கட்டுகிற ஒரு கிறிஸ்தவத் தமிழ் எழுத்தாளரை இந்த ஊரில் நான் கண்டதில்லை. ரீச்சர், நேர்ஸ், வங்கியில் வேலை செய்பவர், ஓய்வுபெற்ற போதகர், எல்லோரும் இப்படித்தான்.

ஆகவே முதலில் வேலை, அப்புறம் சமையல், பிள்ளையின் ரியூஷன், மிச்சம் இருந்தால் எழுத்து. எனக்கு அது பெரும்பாலும் 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் போகிற நேரம். இருக்க இடம் கிடைத்தால் போனில் தட்டுவேன், இல்லாவிட்டால் ஒரே வசனத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு புறக்கோட்டை வரைக்கும் நின்றபடி போவேன். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நிறைய நேரம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காலை ஆராதனை, ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் குழுப் பயிற்சி, சுகமில்லாத ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று அன்றைக்கு ஒரு வரிகூட எழுத முடியாது. டிசம்பர் மாதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் காது நிறைகிற நாளும் ஞாயிறுதான். மகனின் விசாவுக்காக ஒவ்வொரு கிழமையும் ஜெபிக்கச் சொல்கிற அன்ரி, புருஷன் கட்டாருக்குப் போனபிறகு பின்வாங்கிலுக்கு மாறிவிட்ட அக்கா, இவர்களை விட்டுவிட்டு நான் யாரை எழுத? அப்படியே எழுதவும் கூடாது, சபையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வயதை, தொழிலை மாற்றி, வெள்ளவத்தை ஆட்களைப் பதுளைக்குக் குடியேற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய தொழில். தனிப் பதிப்பகங்கள், தனிக் கடைகள், கிறிஸ்டி என்று தனி விருதுகூட உண்டு. ஆனால் எழுத வந்த கதைகளைப் பார்த்தால் அங்கேயும் அப்படி ஒன்றும் இலேசாக நடக்கவில்லை. ஜான் கேரன் என்ற பெண் விளம்பரத்துறை வேலையை விட்டுவிட்டு ஒரு மலையூருக்குப் போய், அந்த ஊர் வாரப் பத்திரிகையில்தான் தன் பாதிரியார் கதைகளைத் தொடராக எழுதத் தொடங்கினார். முதல் நாவல் 1994இல்தான் வந்தது, அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பிரான்சின் ரிவர்ஸ் என்ற பெண் எழுத்தாளர் காதல் நாவல்களால் பெயர் வாங்கியவர். 1986இல் விசுவாசத்துக்கு வந்தபிறகு அவருக்குச் சில வருடம் எழுத்தே வரவில்லை. வேதாகமத்தில் இருக்கிற ஓசியாவின் புத்தகத்தை வேதபாடமாகப் படித்தபோதுதான் அடுத்த நாவலுக்கு வழி திறந்தது, 1991இல் அது வெளிவந்தது. எனக்கு மிகவும் பிடித்தவர் பிளானரி ஓ'கொனர், கத்தோலிக்கர். லூபஸ் நோயோடு ஜோர்ஜியாவில் தாயாரின் பண்ணையில் இருந்துகொண்டு, காலை நேரத்தை எழுத்துக்கென்று ஒதுக்கி வைத்து, 39 வயதில் இறந்து போனவர். அவருடைய கதைகளில் கிருபை வருகிற விதத்தைப் படித்தால் எந்த ஓய்வுநாள் பாடசாலையும் திடுக்கிடும்.

நம்முடைய வரிசையும் சின்னது இல்லை, அதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். 1879இல் தமிழின் முதல் நாவலை அச்சில் தந்த வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்தவர். இலங்கையின் ஆரம்ப நாவல்களில் ஒன்றை 1891இல் வெளியிட்ட இன்னாசித்தம்பி திருகோணமலைக்காரர். பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய மோட்சப் பயணக் கதையை எடுத்து இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியமாகப் பாடிய கிருஷ்ணபிள்ளை ஒரு தமிழாசிரியர். அது 1894இல் வந்தது.

சரி, உண்மையான கஷ்டத்துக்கு வருகிறேன். சபையில் எங்களுக்குப் பழக்கமானது சாட்சி, அதாவது கடவுள் தனக்குச் செய்ததை எல்லோர் முன்னும் எழுந்து சொல்வது. வியாதி, ஜெபம், சுகம். கடன், ஜெபம், வேலை. சாட்சி சொல்கிறவர் கரைக்கு வந்து சேர்ந்தபிறகு பேசுகிறார், கதையில் இருக்கிறவரோ இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக ஜெபிக்கிற ஒரு தாயைப் பற்றி எழுதி ஒரு சபைச் சஞ்சிகைக்குக் கொடுத்தேன். மகன் திரும்பி வருகிற மாதிரி முடிவை மாற்றித் தரச் சொன்னார்கள். குறைந்தபட்சம் ஒரு கடிதமாவது வரட்டுமாம். 2009 போய் இவ்வளவு காலமாகப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிற தாய்மார் இருக்கிற நாட்டில் அப்படி எழுத என் கை வராது. மறுத்துவிட்டேன். "விசுவாசம் எங்கே?" என்று ஒரு மூப்பர் நேராகவே கேட்டார். வேதத்திலேயே இருக்கிறது ஐயா என்றேன். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, யோனாவின் புத்தகம் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது, எபிரேய மொழியில் எஸ்தரின் புத்தகம் முழுவதிலும் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இவை எல்லாம் வேதமாக இருக்கலாம் என்றால், என் கதையில் அந்தத் தாய் பதில் கிடைக்காமலே அடுத்த வெள்ளியும் ஜெபக்கூட்டத்துக்குப் போவதுதான் என் கண்ணுக்கு விசுவாசம். கதை வேறொரு பத்திரிகையில் அப்படியே வந்தது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகும் இதுதான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் சபை என்று இறந்தவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்த அந்தக் கிழமையிலேயே ஆறுதலாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. என்னால் முடியவில்லை, இன்றைக்கும் அதை நேராக எழுதவில்லை.

மறுபக்கம் இலக்கியக் கூட்டங்களில், கதையில் ஒரு போதகர் வந்தாலே பிரசாரம் என்று ஒதுக்குகிறவர்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை, நல்ல கதை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

காசு விஷயம். புத்தகம் போட்டால் அச்சுச் செலவு உங்களுடையதுதான், முந்நூறு, ஐந்நூறு பிரதிக்கு மேல் போகாது. சபை மண்டபத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ வெளியீடு வைத்து, முதற்பிரதியை ஒரு கடை முதலாளி வாங்கி, வந்தவர்கள் என்வலப்பில் வைத்துத் தருவதில் செலவு திரும்பினால் பெரிய விஷயம். 2022இல் தாள் விலை ஏறியதில் எனக்குத் தெரிந்த சிலரின் தொகுப்புகள் இன்னும் கணினியிலேயே கிடக்கின்றன.

நீங்கள் எழுதத் தொடங்குவதாக இருந்தால் ஒன்று சொல்வேன். ஒக்ஸ்போர்டில் லூயிஸ், டொல்கீன் என்ற இரண்டு கிறிஸ்தவ எழுத்தாளர்களும் நண்பர்களும் வியாழன் இரவுகளில் லூயிஸின் அறையில் கூடி, எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவார்கள். லூயிஸின் நார்னியா கதைகள் டொல்கீனுக்குப் பிடிக்கவே இல்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை. அப்படி ஓர் ஆள் வேண்டும். எனக்கு அது கடையில் கூட வேலை செய்கிற ஒரு சைவ அக்கா. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே வாசிப்பார், "இந்த இடத்தில நீர் பிரசங்கம் வைக்கிறீர் பிள்ளை" என்று விரலை வைப்பார், அன்றைக்கே அதை வெட்டிவிடுவேன். சபைக்கு வெளியே அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், பத்திரிகைக்கு அனுப்புவதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.