ஆளரவமற்ற சாலையில் நடக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஊருக்கு வெளியே, எப்போதாவது ஒரு வண்டி வரும் சாலைதான். எந்த ஓரமாக நடந்தால் என்ன?

அப்படிப்பட்ட சாலையில்தான் பக்கம் பார்த்து நடக்க வேண்டும். கூட்டமான தெருவில் ஓட்டுபவர் ஆட்களை எதிர்பார்த்தே வருவார். இங்கே அவரும் சாலை காலி என்று நம்பி வேகம் பிடித்திருப்பார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் வந்துவிடும்.

எதிரே வரும் வண்டி கண்ணில் படும் ஓரமே சரியான ஓரம். வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் நாடுகளில் அது வலது ஓரம், மற்ற நாடுகளில் இடது ஓரம். வளைவில் மட்டும் இதை மாற்றிக்கொள்ளுங்கள். வலது ஓரமாக நடக்கும்போது சாலை வலப்பக்கம் திரும்பினால், நீங்கள் வளைவின் உட்புறத்தில் மறைந்துவிடுவீர்கள். புதரோ சுவரோ இருந்தால் எதிரே வருபவர் கடைசி நொடியில்தான் உங்களைப் பார்ப்பார். வளைவு தொடங்கும் முன்பே, சாலை நேராக இருக்கும் இடத்தில், வெளி ஓரத்துக்குக் கடந்து போய், வளைவு முடிந்ததும் திரும்பி வந்துவிடுங்கள். மேடேறி இறங்கும் உச்சியிலும் இதே ஆபத்து உண்டு. அங்கே தாரை விட்டு மண்ணில் இறங்கி நடங்கள்.

காதில் பாட்டு வேண்டாம். காற்று முகத்தில் அடிக்கும் நாளில் பின்னால் வரும் வண்டியின் ஓசை காதுக்குச் சரியாக எட்டாது. மெதுவாக வரும் மின்சார வண்டியும் சைக்கிளும் எந்த நாளிலும் அதிக ஓசையின்றித்தான் வரும்.

கேள்வி: கோடை முடியப்போகிறது, வெயில் தணிந்துவிட்டது என்று மாலை 3 மணிக்குக் கிளம்பினால் களைத்துப்போகிறேன். 10 கி.மீ. நடக்க எப்போது கிளம்புவது? எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

உச்சிவேளை தாண்டியதும் சூடு குறையும் என்பது தவறான கணக்கு. பெரும்பாலும் காற்று மிகச் சூடாக இருப்பதே பிற்பகல் 2 முதல் 4 மணி வரைதான். காலையிலிருந்து வெயில் குடித்த தார், மாலையிலும் அந்தச் சூட்டைக் கீழிருந்து காலுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். விடியும்போது கிளம்புவதே நல்லது. கடிகாரத்தை விட நிழலைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாகிவிட்டால் தோலைச் சுடும் கதிர்கள் கடுமையாகிவிட்டன என்று பொருள்.

சீராக நடந்தால் மணிக்கு 4 முதல் 5 கி.மீ. ஆக, நடைக்கு இரண்டரை மணி நேரம், நிற்க அரை மணி. மாலையில்தான் முடியும் என்றால் இருட்டுக்கு முன் திரும்பிவிட வேண்டும். கையை நீட்டி, அடிவானத்தின் மேல் முஷ்டியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சூரியன் ஒரு முஷ்டி உயரத்தில் இருந்தால் மறைய ஏறக்குறைய 40 நிமிடம். சாய்வாக இறங்கும் ஊர்களில் இன்னும் சற்று கூடும். தாமதமானால் மேல்சட்டையை விட, கணுக்காலில் கட்டிய ஒளி திருப்பும் பட்டை உதவும். விளக்கொளியில் அது மேலும் கீழும் அசைவதால், போவது ஆள் என்று ஓட்டுபவருக்கு உடனே புரியும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வியர்வை கொட்டினால் முக்கால். இந்த நடைக்கு 2 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்புங்கள். ஒரு பங்கு எப்போதும் மிச்சம் இருக்கட்டும். மணிக்கணக்கில் வியர்த்தபின் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து குமட்டலும் தலைவலியும் வரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால், 1 லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைத்துக்கொள்வது நல்லது. ரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்கட்டும்.

உடன் வருபவர் பேச்சுக் குழறினால், தடுமாறினால், அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். அவசர உதவியை அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

கேள்வி: ஐந்தாவது கிலோமீட்டரில் குதிகாலில் கொப்புளம் வந்துவிடுகிறது. ஷூ புதிதல்ல.

குதிகால் ஒவ்வோர் அடிக்கும் ஷூவுக்குள் சில மில்லிமீட்டர் எழும்பி உரசுகிறது. ஈரம் சேர்ந்ததும் தோல் ஊறி, அடுக்கு பிரிந்து நீர் கோக்கிறது. பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கம்பளி அல்லது செயற்கை இழை போடுங்கள்.

பிறகு ஷூவின் மேல்நுனியைப் பாருங்கள். பலரும் கயிறு கோக்காமல் விட்டுவிடும் கடைசி ஓட்டை பல ஷூக்களில் உண்டு. கயிற்றைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கம் நேர் மேலே உள்ள அந்த ஓட்டைக்குள் விட்டுச் சிறு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டு நுனிகளையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடியுங்கள். குதிகால் அசையாது.

நடக்கும்போது ஓரிடம் சூடாக உறுத்தினால் அப்போதே நின்று, துடைத்து உலர்த்தி, துணி பிளாஸ்திரி ஒட்டுங்கள். ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நடக்கும் அடுத்த அரை மணியில்தான் கொப்புளம் எழும்புகிறது. எழும்பிவிட்டால் தோலை உரிக்காதீர்கள், அதுவே நல்ல மூடி.

ஒரு காலில் மட்டும் வலி என்றால் சாலையின் சரிவையும் கவனியுங்கள். மழைநீர் வடிய ஓரம் தாழ்ந்திருக்கும். மணிக்கணக்கில் அதில் நடந்தால் கணுக்கால் ஒரே பக்கம் சாய்கிறது. அகலமான மண் ஓரம் சமமாக இருந்தால் அங்கே நடங்கள்.

கேள்வி: நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தால்?

ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். நின்று, கண்ணை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, பையை உங்களுக்கும் அதற்கும் நடுவில் பிடித்து, மெல்ல நகருங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காயம் சிறியது என்று தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: பாதி வழியில் இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்கலாமா?

தனி மரத்தடி வேண்டவே வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணி 3 ஆல் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 நொடிக்குள் கேட்டால் கட்டடத்துக்குள் போங்கள், அல்லது கூரை மூடிய காரில் ஏறுங்கள். திறந்த கொட்டகை போதாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகே மீண்டும் சாலையில் இறங்குங்கள்.