'விசுக்கோத்து' என்பது பிஸ்கட்டின் திரிபா?

பிஸ்கட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், யாழ்ப்பாணத்தில் வயதானவர்கள் சொல்லும் 'விசுக்கோத்து' அதன் கொச்சை உச்சரிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை.

விசுக்கோத்து ஆங்கிலத்தின் வழியாக வரவே இல்லை. போர்த்துக்கேயர் சொல்லும் 'பிஸ்கோய்த்தோ'வில் இருந்து நேரே வந்த சொல் அது. அவர்கள் யாழ்ப்பாண அரசைப் பிடித்தது 1619இல். ஆங்கிலேயர் இங்கே வந்து சேர்ந்ததோ 1795இல். பாணும், பாண் சுடுகிற போறணையும் போர்த்துக்கேயச் சொற்கள்தான். ஆகவே அம்மம்மா "விசுக்கோத்தை எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் பிஸ்கட்டை விட மூத்த சொல் அதுதான்.

சரி, பொருளுக்கு வருவோம். இரண்டுக்கும் வேர் லத்தீன். 'பிஸ்' என்றால் இரண்டு தரம், 'கோக்டுஸ்' என்றால் சமைத்தது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது மாறி ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலேயர் ஒரு காலத்தில் சொல்கிறபடியே 'பிஸ்கெட்' என்று எழுத்துக்கூட்டினார்கள். பிறகுதான் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொண்டார்கள். உச்சரிப்புக்கும் எழுத்துக்கும் இன்றுவரை ஒத்துவராததற்கு அதுதான் காரணம். (பள்ளிக்கூடத்தில் இதற்காகக் குட்டு வாங்கியவர்கள் மன்னிக்கவும்.)

ஏன் இரண்டு தரம் சுட வேண்டும்? ஈரம் இருந்தால் பாண் சில நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். மாதக்கணக்கில் கடலில் போகிறவனுக்கு அது உதவாது. அதனால் மாவும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் சேர்த்து, ஈரம் முழுதும் போகும்வரை சுட்டு மூட்டையில் கட்டினார்கள். பிரித்தானியக் கடற்படையில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் கணக்கு. பல்லால் கடிக்க முடியாத சாமான், நனைத்துத்தான் தின்றார்கள். வண்டு வைத்தாலும் அதுதான் சாப்பாடு.

இன்று கடையில் வாங்கும் மாரி பிஸ்கட்டை ஒரு தரம்தான் சுடுகிறார்கள். 1874இல் ரஷ்ய இளவரசி மரியா ஓர் ஆங்கில இளவரசரை மணந்தபோது லண்டன் நிறுவனம் ஒன்று அவர் பெயரில் போட்ட பிஸ்கட் அது. காய்ச்சல்காரருக்கு நாங்கள் தேத்தண்ணியோடு கொடுப்பது ஒரு கலியாணப் பலகாரத்தை! சொல்லின் பொருளுக்கு இன்னும் பொருந்துவது, என்னைக் கேட்டால், றஸ்க்தான். பாணைச் சுட்டு, வெட்டி, மறுபடி போறணையில் வைத்துக் காய வைத்தது. ஆனால் அந்தப் பெயரின் மூலச்சொல்லுக்கு 'முறுக்கியது' என்று பொருள், அதுவும் போர்த்துக்கேயமோ ஸ்பானியமோதான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரரிடம் பிஸ்கட் கேட்டால் மெத்தென்ற சின்ன பணிஸ் மாதிரி ஒன்றைத் தருவார்கள். நமது பிஸ்கட் அங்கே 'குக்கி'. அது ஒல்லாந்தரின் 'கூக்யே', அதாவது சின்னக் கேக். ஒல்லாந்தர் இங்கேயும் அந்தச் சொல்லை விட்டுத்தான் போனார்கள்: சிங்களவர்கள் சித்திரை வருடப்பிறப்புக்கு அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸ் அதே சொல்தான்.