ஆங்கிலத்தில் ‘எ’ எங்கே, ‘தி’ எங்கே? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அன்றாட அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் குன்னூருக்கு அனுப்புவது என் பொறுப்பு. தமிழ்வழியில் படித்த எனக்கு ‘எ’, ‘தி’ இரண்டிலும் எப்போதும் தடுமாற்றம்தான். அண்மையில் ‘தி பைசன் என்டர்ட் எ ஃபேக்டரி’ என்று எழுதினேன். மேலாளர் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். கண்ணால் பார்த்த காட்டெருமைக்கு ‘தி’ ஏன் கூடாது? நீலகிரிக்கு ‘தி’ போடுபவர்கள் தொட்டபெட்டாவுக்கு ஏன் போடுவதில்லை?

வாசகி, கோத்தகிரி

அன்புள்ள வாசகிக்கு,

காட்டெருமையை நீங்கள் பார்த்ததால் அது உங்களுக்குக் குறிப்பிட்ட ஒன்றாகிவிட்டது. ஆனால் குன்னூரில் அறிக்கையைப் படிப்பவர் அதைப் பற்றி அதுவரை கேள்விப்படவே இல்லை. ‘தி பைசன்’ என்று கண்டதும் ‘எந்தக் காட்டெருமை?’ என்றுதான் கேட்பார். தொழிற்சாலையோ முதல் முறை சொல்லப்பட்டாலும் எது என்று அவருக்குத் தெரியும். எழுதுபவர் அறிவாரா என்பதை விட, படிப்பவர் ‘எது?’ என்று கேட்காமல் அடையாளம் கண்டுகொள்வாரா என்பதையே ஆங்கிலம் பார்க்கிறது. ‘முதலில் எ, பிறகு தி’ என்று பள்ளியில் சொல்லித்தருவது இந்த அடிப்படையிலிருந்து கிளைத்த ஒரு சிறு விதி; அதையே முழு இலக்கணமாகக் கற்பிப்பது மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி என்று கருதுகிறேன்.

உங்கள் தொழிற்சாலையில் தேயிலையை உலர்த்தும் டிரையர் ஒன்றுதான் என்றால், அது நின்றுபோன செய்தியை முதல் வரியிலேயே ‘தி டிரையர்’ என்று எழுதலாம். மூன்று இருந்து அவற்றில் ஏதோ ஒன்று நின்றிருந்தால் ‘எ டிரையர்’ என்பதே சரி. பசுந்தேயிலையைக் குறிக்கும் ‘கிரீன் லீஃப்’ அங்கே எண்ணிச் சொல்லும் பொருளன்று. எனவே அதற்கு ‘எ’ வராது. பொதுவாக அதன் விலையைப் பேசும்போது ‘எ’, ‘தி’ இரண்டுமே வேண்டாம். இன்று வந்து இறங்கிய பசுந்தேயிலை என்று குறித்துச் சொல்லும்போது ‘தி’ வரும்.

இந்த உணர்வு தமிழருக்கு இல்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ‘மூட்டை இறக்கினார்கள்’ என்றால் நடந்த வேலை மட்டும் தெரிகிறது. ‘மூட்டையை இறக்கினார்கள்’ என்றால், எந்த மூட்டை என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் வேற்றுமை உருபு செய்யும் இந்த வேலையை நீங்கள் பிழையின்றி நாள்தோறும் செய்கிறீர்கள். எழுவாயில் இந்த உதவி கிடைக்காது, மனிதரைக் குறிக்கும் பெயர்களில் உருபு பெரும்பாலும் எப்படியும் வந்துவிடும், ‘ஒரு மூட்டையை’ என்றும் சொல்கிறோம். ஆகவே இதை அப்படியே ஆங்கிலத்துக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும் ஐயம் வரும்போது அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

இடப்பெயர்களில் காரணத்தை விட மரபே ஆள்கிறது. பன்மையில் வழங்கும் மலைத்தொடர்களுக்கு ‘தி’ உண்டு: ‘தி நீல்கிரிஸ்’, ‘தி வெஸ்டர்ன் காட்ஸ்’, ‘தி பழனி ஹில்ஸ்’. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தனிச் சிகரம் என்பதால் அதற்கு இல்லை. மாயாறு போன்ற ஆறுகளுக்கு உண்டு. ஊட்டி ஏரிக்கு இல்லை. உங்கள் மாவட்டத்தின் ஆங்கிலப் பெயரே ‘தி நீல்கிரிஸ்’ என்பதால், வாக்கியத்துக்குள் எழுதும்போது அந்தத் ‘தி’யை விட்டுவிட வேண்டாம்.