நாலு கம்பிக் கேள்விகள்

முப்பத்தாறு வருடம் மெல்லிசைக் கச்சேரி மேடைகளில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் லைட் படாத இடத்தில் நின்று, பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கும் பேஸ் கிடார் வாசித்தவன் நான். இத்தனை வருடத்தில் ரசிகர்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "சார், பாடகர் எந்தப் பக்கம் போனார்?" என்பதுதான். பேஸ் பற்றிய கேள்விகளை எனக்கு அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் அறிவிப்புப் போட்டதும் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்துக் கொஞ்சம் ஆடித்தான் போய்விட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

1970-களில் ஜப்பானில் செய்த பேஸ் ஒன்று விலைக்கு வருகிறது. அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாதிரியே இருக்கிறது. "இது லாசூட் மாடல் தம்பி, இனிமேல் கிடைக்காது" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

முதலில் அந்த லாசூட் (வழக்கு) கதையை முடித்துவிடலாம். அதற்கென்றே அவர் விலையில் கொஞ்சம் ஏற்றியிருப்பார். 1977-ல் அமெரிக்கக் கிடார் கம்பெனி கிப்சனின் தாய்க் கம்பெனியான நார்லின், ஜப்பானின் ஐபனெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்கர் கம்பெனி மீது வழக்குப் போட்டது. கிடாரின் தலைப்பகுதி கிப்சனுடையது மாதிரியே இருக்கிறது என்பது புகார். கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். அந்த வழக்கில் ஃபெண்டருக்கு வேலையே இல்லை. அதனால் ஜாஸ் பேஸ் வடிவத்தில் ஒன்றைக் காட்டி லாசூட் என்று யாராவது சொன்னால், காபி குடித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள், காசு மட்டும் கொடுக்காதீர்கள்.

அதற்காக அந்த பேஸ் மட்டம் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்து ஜப்பான்காரர்கள் நன்றாகவே செய்தார்கள். ஃபெண்டரே 1982-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி தொடங்கி, மாட்சுமோட்டோ ஊரில் இருந்த ஃபுஜிஜென் தொழிற்சாலையில் கிடார் செய்து வாங்கியது. இதைவிட என்ன சர்டிபிகேட் வேண்டும்?

சரி, என்ன பார்க்க வேண்டும்? நெக் (கிடாரின் கழுத்து), நெக், அப்புறம் நெக். 1991-ல் திருவல்லிக்கேணி லாட்ஜ் அறை ஒன்றில், மழை நாள் சாயங்காலம், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒரு பேஸ் வாங்கினேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. மறுநாள் தாம்பரத்தில் கச்சேரி. தடித்த கம்பி ஒழுங்காகப் பேசியது. மெல்லிய கம்பியோ எங்கே அழுத்தினாலும் குளவி மாதிரி ரீங்கரித்தது. நெக் முறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருப்பினால் வளைவு சரியாகும், முறுக்கு சரியாகாது. விற்றவரைத் தேடிப் போனேன், லாட்ஜைக் காலி செய்திருந்தார். அந்த பேஸ் இப்போது என் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள் அழகாயிருக்கிறது என்கிறார்கள்.

தச்சர் ஒரு ரீப்பரை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பாரே, அதே மாதிரி உடல்பக்கத்திலிருந்து நெக்கைப் பாருங்கள். இரண்டு ஓரமும் இணையாக ஓட வேண்டும். நெக்கில் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். பிறகு தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் நல்லது. ஒரு ரூபாய் காசே நுழைந்தால், விற்பவரையே உங்கள் கண் முன்னால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள். அசையவில்லை என்றாலோ, அவர் தயங்கினாலோ, வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஜாஸ் பேஸ் என்றால் இருபது ஃப்ரெட், நாலு கம்பி. எண்பது இடத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தி வாசித்துப் பாருங்கள். விற்பவர் வாட்சைப் பார்ப்பார், பார்க்கட்டும். குமிழ்களைத் திருப்பும்போது கடலை வறுக்கும் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், சின்னச் செலவு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் சத்தமே வரவில்லை என்றால் அது வேறு கதை. கடைசியாக, தோளில் மாட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் நில்லுங்கள். நாலரை கிலோவுக்கு மேல் போனால் நான் வாங்க மாட்டேன். உங்களுக்கு வயது இருக்கிறது, ஐந்து கிலோ வரை போகலாம்.

அப்பா சேர்த்துவைத்த பழைய இசைத்தட்டுகளில் பேஸ் கேட்கவே மாட்டேன் என்கிறதே, ஏன்? அப்போது வாசிக்கவில்லையா? (மதுரை)

வாசித்தார்கள். ஆளுயரப் பெரிய பேஸை நிற்கவைத்து வாசித்தார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-ல்தான் கிடார் மாதிரி மாட்டிக்கொண்டு வாசிக்கும் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். ஃப்ரெட் இருப்பதால் விரல் வைக்கும் இடத்தில் துல்லியமாகச் சுருதி பேசும். பிரிசிஷன் என்றால் துல்லியம், பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1953-ல் மாங்க் மான்ட்கோமரி என்ற ஜாஸ் கலைஞர் அதை ரெக்கார்டிங்கிலேயே வாசித்துவிட்டார்.

கேட்காததற்குக் காரணம் வேறு. பேஸின் தடித்த கம்பி வினாடிக்கு 41 முறை அதிரும். அந்தக் காலத்து ரேடியோவின் கையகல ஸ்பீக்கரால் அதைத் தள்ள முடியாது. அதற்கு மேலே வரும் 82, 123 ஹெர்ட்ஸ் அதிர்வுகளை வைத்துக்கொண்டு, அடியில் ஒன்று இருப்பதாக நம் காதே கற்பனை செய்துகொள்ளும். உங்கள் செல்போனில் பேஸ் கேட்பதும் பாதிக்குமேல் இந்த ஏமாற்றுவேலைதான்.

இரண்டாவது காரணம் தட்டு. அடிநாதம் பெரிதானால் தட்டில் வெட்டும் கோடும் அகலமாக ஆடும், ஊசி துள்ளிவிடும். லண்டன் இ.எம்.ஐ. இசைத்தட்டுக் கம்பெனியில் இந்தப் பயம் அதிகம். அமெரிக்கத் தட்டுகளில் வருகிற பேஸ் எங்கள் தட்டில் ஏன் வரவில்லை என்று பீட்டில்ஸ்காரர்கள் நச்சரித்தார்கள். 1966-ல் அங்கே எஞ்சினியர்களாக இருந்த ஜெஃப் எமெரிக்கும் கென் டவுன்சென்டும் ஒரு வேலை செய்தார்கள். பேஸின் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மைக்குக்குப் பதிலாக இன்னொரு ஸ்பீக்கரையே வைத்து, அதன் ஒயரைத் திருப்பி இழுத்து மைக்காக்கிவிட்டார்கள். சத்தத்தை வெளியே தள்ளுகிற ஸ்பீக்கர், சத்தம் வந்து மோதினால் மின்சாரத்தைத் திருப்பித் தரும் அல்லவா? எங்கள் ஊர் மைக்செட்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "நான் தெரியாமல் ஒயர் மாற்றிக் கொடுத்தால் திட்டுகிறீர்கள், அவர்கள் செய்தால் புதுமையா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மாதம் ஒருமுறை புதுக் கம்பி மாற்றுகிறேன். பழைய ஆங்கிலப் பாட்டுகளில் வரும் அந்தக் 'கும்'மென்ற சத்தம் மட்டும் வரவில்லை. பிக்கப்பை மாற்றலாமா? (கோவை)

வியாதியையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: மாதம் ஒருமுறை புதுக் கம்பி.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் கம்பெனியின் தட்டுகளுக்கெல்லாம் பேஸ் வாசித்தவர்களில் முதல்வர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவரிடம் இருந்தது 1962 மாடல் பிரிசிஷன் பேஸ். அதில் ஃப்ளாட் கம்பி, அதாவது மேலே தட்டைப் பட்டையாகச் சுற்றியது, தடவினால் வழவழவென்று இருக்கும். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். உடல்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். மீட்டிய ஸ்வரம் நீண்டு வழியாமல் சட்டென்று அடங்கிவிடும். கம்பி நெக்கிலிருந்து நல்ல உயரத்தில் நிற்கும். நம்மால் அழுத்தவே முடியாது. பெரிய பேஸ் வாசித்துப் பழகிய கை அது. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். நான் இரண்டு விரலால் மூன்று வருடம் முயன்றும் வராததை அவர் ஒரே விரலால் வாசித்தார். ஒயர் நேராக ரெக்கார்டிங் மேஜைக்குப் போகும்.

கலிஃபோர்னியாவில் கரோல் கே என்ற அம்மையார். கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963-ல் ஒருநாள் பேஸ்காரர் ஸ்டுடியோவுக்கு வராமல் போனதால் பேஸை எடுத்தார், பிறகு கீழே வைக்கவே விடவில்லை. ஜேமர்சன் விரல் என்றால் இவர் கெட்டியான பிக், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகடு. ஆனால் இவரிடமும் அதே ஃப்ளாட் கம்பி. ஸ்பாஞ்சுக்குப் பதில் பிரிட்ஜ் பக்கம் கம்பிகளின் மேல் ஒரு துண்டு ஃபெல்ட் துணி.

ஆகவே நீங்கள் செலவழிக்க வேண்டியது ஒரு செட் ஃப்ளாட் கம்பிக்கு, அப்புறம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றுக்கு. புதியதாகப் பாருங்கள், வீட்டில் சண்டை வரும். முன்பக்க பிக்கப்பை மட்டும் வைத்து, டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து, நெக் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் மீட்டுங்கள். ஆறு மாதம் கம்பியை மாற்றாதீர்கள். அதற்குப் பிறகும் பிக்கப் மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள், தடுக்க மாட்டேன்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜேமர்சனுக்குப் பல நேரம் கையில் கொடுத்தது கார்டு (chord, ஸ்வரக் கூட்டு) குறிப்பு மட்டும். அதற்கு மேல் அந்த ஓட்டமெல்லாம் அவர் கற்பனை. நம்மூரில் இளையராஜா பேஸுக்கும் தனியாக நோட்டேஷன் எழுதித் தருகிறவர். இரண்டு வழியிலும் அற்புதமான பேஸ் பிறந்திருக்கிறது. ஆனால் மோட்டவுன் தட்டு உறைகளில் வாசித்தவர்களின் பெயர்கள் 1971-ல் வந்த, பாடகர் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் முறையாக அச்சாயின. அதுவரை பத்து வருடத்துக்கு மேல் அந்த விரலை உலகமே கேட்டது, யாருடைய விரல் என்று தெரியாமல்.

நாலு கம்பி போதுமா, ஐந்து கம்பி வாங்கவா? (சென்னை)

மேடையில் பாடகர் உங்கள் பக்கம் திரும்பி, "தொண்டை சரியில்லை, ஒரு கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணுங்கள். நாலு கம்பி பேஸின் அடிமட்டம் மூன்று கட்டை. பாட்டு இரண்டு கட்டைக்கு இறங்கினால், அடி ஸ்வரம் கைக்கு இல்லை. மேல் ஸ்தாயிக்குத் தாவ வேண்டும், பாட்டு திடீரென்று செருப்பைக் கழற்றிய மாதிரி ஆகிவிடும். ஐந்தாவது கம்பி அதற்கும் கீழே போகும், அதனால் மாதம் நாலு கச்சேரி போகிறவருக்கு ஐந்து கம்பி லாபம். வீட்டில் வாசிப்பவருக்கு நாலு போதும்.

நல்ல பேஸ், பாதி விலைக்கும் குறைவு, பில் இல்லை. திருட்டுப் பொருளாக இருக்குமோ? (திருச்சி)

உங்களுக்கே தோன்றிவிட்டதே, பிறகு என்ன? அந்த விலைக்கு அவர் ஏன் கொடுக்கிறார் என்று கேளுங்கள். பதில் ஒவ்வொரு முறையும் மாறினால் விட்டுவிடுங்கள்.

ஜேமர்சனின் அந்த 1962 பேஸ் 1983-ல், அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ், 1972-ல் லண்டனில் வேனிலிருந்து களவு போய், ஐம்பது வருடத்துக்குப் பிறகு ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. 2024 பிப்ரவரியில்தான் செய்தி வெளியானது. உங்களிடம் ஏற்கெனவே பேஸ் இருந்தால் இன்றைக்கே சீரியல் நம்பரையும் மரத்தில் இருக்கும் கீறல்களையும் போட்டோ எடுத்துவையுங்கள். நம்பரைச் சுரண்டலாம், கீறலைச் சுரண்ட முடியாது.

மறைந்த அப்பா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த பேஸ் கிடார் பதினெட்டு வருடமாகப் பரணில் இருக்கிறது. பெயின்ட் அடித்துப் புதுசாக்கி விற்றால் நல்ல விலை வரும் என்கிறார் தம்பி. எங்கள் இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. (வாசகி, ஈரோடு)

தம்பியிடம் பிரஷ்ஷை வாங்கி ஒளித்துவையுங்கள். பழைய பேஸில் பெயின்ட் உரிந்திருந்தால் வாங்குகிறவர் அதற்குக் காசு கொடுப்பார். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் காசைக் குறைப்பார். அடியில் என்ன விரிசல் இருக்கிறதோ என்று சந்தேகமும் படுவார்.

பெட்டியைத் திறந்ததும் பின்பக்கம் சின்ன மூடி இருக்கிறதா பாருங்கள். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், பதினெட்டு வருடத்தில் ஒழுகியிருக்கும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுதும் கழற்ற வேண்டாம். உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும், எண்ணெய் எதுவும் கூடாது. திருகாணி ஒன்று கழன்று கிடந்தாலும் டப்பாவில் போட்டு வையுங்கள். பிறகு வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். விலை பேசுவது அதற்கு அப்புறம். அன்றைக்குத் தம்பியும் வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி எழுதியிருந்தீர்கள்: "கம்பிக்கு அடியில் பஞ்சு மாதிரி ஏதோ கறுப்பாக அடைத்துக்கொண்டிருக்கிறது, எலி கொண்டுவந்து வைத்ததோ என்னவோ, எடுத்துப் போட்டுவிடவா?" போட்டுவிடாதீர்கள். எலி வைத்ததில்லை அது.