பாலஸ்தீனத்துக்குக் கோடிக்கணக்கில் உதவி போயும் ஏன் பொருளாதாரம் எழவில்லை? ஊழல்தானே காரணம்?

ஊழல் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் கணக்கெழுதிப் பிழைப்பவன், ஒரு நிறுவனம் ஏன் தள்ளாடுகிறது என்று கேட்டால் முதலில் வரவுப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். பாலஸ்தீன அரசின் வரவில் பெரும்பகுதி அவர்கள் கைக்கு வருவதற்கு முன்னால் இஸ்ரேல் நிதி அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. வேறு எதைப் பேசினாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1994-இல் ஓஸ்லோ ஏற்பாடுகளின், அதாவது இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தங்களின் பகுதியாகப் பாரிஸில் ஒரு பொருளாதார ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி பாலஸ்தீனத்தின் இரு பகுதிகளான மேற்குக் கரைக்கும் காஸாவுக்கும் போகும் இறக்குமதிகளின் சுங்க வரியையும் மதிப்புக் கூட்டு வரியையும் இஸ்ரேல் வசூலிக்கும். 3 சதவீதம் கட்டணம் கழித்துக்கொண்டு, மீதியை மாதாமாதம் பாலஸ்தீன அதிகார சபைக்கு (அதுதான் அவர்களுடைய அரசு) அனுப்பும். அரபியில் இதை மகாஸ்ஸா என்கிறார்கள். அரசின் மொத்த வருமானத்தில் இது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஐந்து வருடத்துக்கு என்று எழுதிய ஏற்பாடு, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஷார்ஜாவில் என் பக்கத்து மேசையில் மேற்குக் கரையின் நாப்லுஸ் நகரத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய அக்கா ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியை. மாதம் பிறந்தால் அவர்கள் பேச்சில் முதலில் வருவது மகாஸ்ஸா வந்ததா இல்லையா என்பதுதான். வந்தால் சம்பளம், பாதி வந்தால் பாதிச் சம்பளம். நம்மூரில் பருவமழை பற்றி விசாரிப்பதைப் போல, அங்கே வீட்டுப் பெண்கள்கூட இன்னொரு நாட்டின் நிதி அமைச்சர் என்ன சொன்னார் என்று விசாரிக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. 1997-இல் நிறுத்தினார்கள். 2000 கடைசியில் இரண்டாம் இன்டிஃபாதா (பாலஸ்தீனர்களின் எழுச்சி) தொடங்கியதும் நிறுத்தினார்கள். 2006-இல் தேர்தலில் ஹமாஸ் வென்றதும் நிறுத்தினார்கள். 2015-இல் பாலஸ்தீனம் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேரப் போனபோதும் அதுதான். 2019 முதல் இஸ்ரேல் சிறைகளில் உள்ள பாலஸ்தீனக் கைதிகளின் குடும்பங்களுக்குத் தரும் உதவித்தொகைக்கு ஈடாக ஒரு பகுதியைப் பிடித்தார்கள், ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவின் பங்கையும் பிடித்தார்கள். 2025 மே மாதத்திலிருந்து பல மாதங்கள் ஒரு ஷெக்கல்கூடப் போகவில்லை. அரசு உள்ளூர் வங்கிகளில் கடன் வாங்கி அரைச் சம்பளம் போடுகிறது. அந்த ஆசிரியையும் அதே வங்கியில் வீட்டுக் கடன் வைத்திருக்கிறார். அரசு பாதி கொடுத்தாலும் தவணை பாதியாகக் குறைவதில்லை.

நாணயம் இன்னொரு கூத்து. அவர்களுக்குச் சொந்த நாணயம் கிடையாது, பெரும்பாலும் புழங்குவது இஸ்ரேலிய ஷெக்கல். பாலஸ்தீன நாணய ஆணையம் என்று ஒன்று உண்டு, ஆனால் அது நோட்டு அச்சடிக்க முடியாது. வட்டி விகிதமும் மாற்று விகிதமும் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேலின் மத்திய வங்கியான இஸ்ரேல் வங்கி எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தவை. எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது இதுதான்: நாடு ஏழை, ஆனால் வங்கிப் பெட்டகங்களில் ஷெக்கல் நோட்டுகள் குவிந்து கிடக்கின்றன. இஸ்ரேலில் வேலை பார்த்த தொழிலாளர்கள் பல வருடம் சம்பளத்தை ரொக்கமாக வாங்கி வந்தார்கள், இஸ்ரேலுக்குள் வாழும் அரபு மக்கள் மேற்குக் கரைச் சந்தைக்கு வந்து ரொக்கத்தில் செலவழித்தார்கள். ஆண்டுக்கு எவ்வளவு நோட்டைத் திருப்பித் தரலாம் என்பதற்கு இஸ்ரேல் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரம்பு முடிந்தால் நோட்டு பெட்டகத்திலேயே தூங்கும். கடைக்காரர் ரொக்கத்தைக் கொண்டுபோனால் வங்கி வாங்கிக்கொள்ளத் தயங்கும். இஸ்ரேலில் உள்ள விற்பனையாளருக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் இரண்டு இஸ்ரேலிய வங்கிகள் வழியாகத்தான் போக வேண்டும். பயங்கரவாதத்துக்குப் பணம் போனது என்று அந்த வங்கிகள் மீது வழக்கு வந்தால் நாங்கள் பொறுப்பு என்று இஸ்ரேல் அரசு எழுதித் தரும் கடிதத்தில்தான் எல்லாம் நிற்கிறது. 2024 அக்டோபர் கடைசியில் அந்தக் கடிதத்தை ஒரே ஒரு மாதத்துக்கு நீட்டித்தார்கள். ஒரு மாத உத்தரவாதத்தில் யார் தொழிற்சாலை கட்டுவார், சொல்லுங்கள்.

சரி, ஆட்கள் விஷயம். 2023 அக்டோபருக்கு முன்னால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் இஸ்ரேலிலும் மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றப் பகுதிகளிலும் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் கட்டடம், அப்புறம் விவசாயம். மேற்குக் கரையில் கிடைப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கூலி. ஆனால் அனுமதிச் சீட்டு வேண்டும். அது முதலாளியோடு கட்டப்பட்டது, அதனால் தரகர்கள் முளைத்தார்கள். மாதம் 2,500 ஷெக்கல் வரை தரகுக்கே போன காலம் உண்டு. வளைகுடாவில் ஃப்ரீ விசாவில் வெளியே வேலை பார்த்துக்கொண்டு, விசா கொடுத்த கஃபீலுக்கு மாதாமாதம் கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். நாம் பிழைக்க வந்தது அடுத்தவர் நாடு, பிடிக்கவில்லை என்றால் விமானம் ஏறிவிடலாம். பெத்லகேம் சோதனைச் சாவடியில் அதிகாலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வழியும் இல்லை. ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு, அதில் சம்பந்தமே இல்லாத மேற்குக் கரைத் தொழிலாளர்களின் அனுமதிகளும் ஒரே நேரத்தில் முடக்கப்பட்டன. கொத்தனாரின் கூலி நின்றால் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் சேர்ந்தே படுக்கின்றன.

அப்படியானால் ஊரிலேயே தொழில் செய்யலாமே? நிலம் வேண்டும். மேற்குக் கரையில் சுமார் 60 சதவீதம் ஓஸ்லோ ஒப்பந்தத்தின் சி பகுதி, முழுக்க இஸ்ரேலிய ராணுவக் கட்டுப்பாட்டில் இருப்பது. மேய்ச்சல் நிலமும் ஜோர்டான் பள்ளத்தாக்கின் வளமான மண்ணும் பெரும்பாலும் அங்கேதான். பாலஸ்தீனர் அங்கே கொட்டகை போடக்கூட அனுமதி அரிது. அந்தப் பகுதியைப் பாலஸ்தீனர்கள் பயன்படுத்த முடிந்தால் ஆண்டுக்கு 340 கோடி டாலர் வருமானம் கூடும் என்று 2013-இல் உலக வங்கி கணக்கிட்டது. அது அப்போதைய மொத்த உற்பத்தியில் 35 சதவீதம்.

சரக்கை வெளியே அனுப்புவதும் லேசில்லை. கலீலில் (ஹெப்ரான்) வெட்டிய கல் அஷ்தோத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். பாலஸ்தீன லாரி எல்லைக் கடப்பிடத்தோடு நின்றுவிடும். அங்கே சரக்கை இறக்கி, சோதித்து, இஸ்ரேலிய லாரியில் மறுபடி ஏற்ற வேண்டும். கல்லாவது பரவாயில்லை, தக்காளியை நினைத்துப் பாருங்கள். இதில் வரும் லாரி வாடகையையும் உடைசலையும் நான் எந்தத் தலைப்பில் எழுதுவேன் என்று நாப்லுஸ் நண்பரிடம் கேட்டேன். “ஆக்கிரமிப்புச் செலவு என்று எழுது, தணிக்கையாளர் ஒத்துக்கொள்வார்” என்றார். உரம், ரசாயனம், சில இயந்திரங்கள் எல்லாம் ராணுவப் பயன்பாட்டுக்கும் உதவலாம் என்ற பட்டியலில் சிக்கும். மேற்குக் கரைக்கு மூன்றாம் தலைமுறைக் கைபேசிச் சேவையே 2018-இல்தான் கிடைத்தது.

காஸாவைத் தனியாக எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. 2007 முதல் முற்றுகை. ஓஸ்லோவில் மீனவர்களுக்கு 20 கடல் மைல் என்று எழுதினார்கள், நடைமுறையில் சில காலம் 3 மைல்வரை குறைத்தார்கள். 1998-இல் திறந்த விமான நிலையத்தின் ஓடுபாதை சில வருடங்களிலேயே உடைக்கப்பட்டது. 2000-இல் கடலுக்கடியில் எரிவாயு கண்டுபிடித்தார்கள், இன்னும் எடுக்கவில்லை. போருக்கு முன்பே வேலையின்மை 45 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இப்போது அங்கே பொருளாதாரம் என்ற சொல்லுக்கே வேலை இல்லை.

உதவிப் பணம்? 2008-இல் சுமார் 200 கோடி டாலர் வந்தது. 2022-இல் அது 55 கோடி. வந்த பணமும் சம்பளமாகப் போய், சிமென்டாகவும் மின்சாரமாகவும் பாலாகவும் இஸ்ரேலுக்கே பெருமளவு திரும்பிவிடும், ஏனென்றால் அவர்களுடைய மிகப் பெரிய விற்பனையாளர் இஸ்ரேல்தான்.

இப்போது ஊழல். நாடாளுமன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல். அதிபர் மஹ்மூத் அப்பாஸ் 2005-இல் நான்கு வருடத்துக்குப் பதவியேற்றவர். தலைமைக்கு வேண்டியவர்களுக்கு இறக்குமதி ஏகபோகம், விசுவாசத்துக்குச் சம்பளம் தரும் பாதுகாப்புப் படைகள், காஸாவில் சுரங்கப்பாதைச் சரக்குக்கு ஹமாஸ் போட்ட வரி, எல்லாம் உண்மை. பாலஸ்தீனர்களே என்னைவிடக் கடுமையாக இதைத் திட்டுவார்கள்.

ஆனால் நேர்மையாக நடத்திப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். 2007 முதல் பிரதமராக இருந்த சலாம் ஃபய்யாத் சர்வதேச நாணய நிதியத்தில் வேலை பார்த்த பொருளாதார நிபுணர். கணக்குகளை ஒழுங்குபடுத்தினார், சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட்டார். 2011-இல் உலக வங்கியும் நாணய நிதியமும் ஓர் அரசுக்குத் தேவையான நிதி நிர்வாகம் இவர்களிடம் இருக்கிறது என்று சான்று தந்தன. அதே வருடம் நவம்பரில், யுனெஸ்கோ பாலஸ்தீனத்தை உறுப்பினராகச் சேர்த்ததற்காக இஸ்ரேல் வரிப் பணத்தை நிறுத்தியது. 2012 கடைசியில் ஐ.நா. பார்வையாளர் நாடு என்ற தகுதியைக் கொடுத்ததும் மறுபடி நிறுத்தியது. சம்பளம் போட முடியாமல் தெருவில் போராட்டம், உள்ளே அப்பாஸோடு மோதல். 2013 ஏப்ரலில் ஃபய்யாத் ராஜினாமா கொடுத்தார்.